படிப்பாறைக்கு ஒரு கைப்பிடி

கூம்புக்காட்டிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஏழு மைல். அந்த ஏழு மைலில் நாற்பத்தொரு வளைவு, ஓர் ஓடை, ஓடை தாண்டியதும் ஒரு படிப்பாறை, பாறைக்கு மேலே கருப்பன் சாமி கல், கல்லிலிருந்து முப்பது எட்டில் பள்ளத்தை நோக்கிப் பக்கவாட்டில் சாய்ந்த ஒரு சரிவு. இவற்றை எண்ணி வைத்திருந்தவன் சின்னக்காளை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். ஊருக்கு இருந்த ஒரே வண்டி அவனுடையதுதான்.

ஐம்பத்துநாலு வயதில் அவன் லூர்தம்மாளிடம் தொழில் படிக்க வந்தான். லூர்தம்மாள் அடிவாரத்தில், செம்மடையில், பட்டறை வைத்திருந்தார். அச்சுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரக் கூட்டைப் பிரித்துக் கோப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வயது முப்பத்தெட்டு. குரு சீடனை அண்ணே என்று கூப்பிடும் பட்டறை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பார் பக்கத்து வாட்டர் சர்வீஸ் அப்பாஸ்.

போன மழையில் சின்னக்காளை தன் ஊர்ப் பெண் பேச்சியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். அவளுக்குப் பிரசவ வலி. படிப்பாறையில் வண்டியின் பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. தூக்கிய சக்கரம் சுற்றியது. தரையில் இருந்த சக்கரம் சும்மா இருந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு நான்கு பேர் டோலி கட்டித் தூக்கினார்கள். அதில் அவனும் ஒருவன். பேச்சி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இந்த வருடம் மழைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. ஊரில் மூன்று பேர் மாசமாக இருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு ஜீப்பைப் பட்டறைக்குள் வளைத்து நிறுத்தினான்.

"மேஸ்திரி, ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாச் சுத்த வைக்கிற லாக் ஒண்ணு போடணும். முன் அச்சுக்கு."

"முன் அச்சுக்கா?"

"ஆமா. எது நல்லதுன்னு சொல்லுங்க. தானாப் பிடிக்கிறது இருக்காம். கையால இழுத்துப் பிடிக்க வைக்கிறதும் இருக்காம்."

"பின் அச்சுக்கு வேண்டாமா?"

அவன் குனிந்து முன் சக்கரத்தைத் தட்டினான்.

லூர்தம்மாள் தரையைப் பார்த்தார். ஜீப் வளைந்து வந்த இடத்தில் சிமெண்டின் மேல் இரண்டு கறுப்புக் கோடு. பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுற்றியதால் வளைவில் டயர் உருளாமல் தேய்ந்த கோடு.

"யார் வெல்டிங் வச்சது?" என்றார்.

சின்னக்காளை பின்னங்கழுத்தைச் சொறிந்தான். "லேத்துக்காரர்தான். போன வாரம். கூட்டுக்குள்ள இருக்கிற நாலு பல்சக்கரத்தையும் ஒண்ணா ஒட்டிட்டா ஆயுசுக்கும் வழுக்காதுன்னு சொன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

லூர்தம்மாள் திட்டவில்லை. அப்பாஸின் பக்கம் திரும்பி, "பாய், மேடையில தண்ணி விடுங்க. சோப்பும் போடுங்க," என்றார்.

வண்டி கழுவும் மேடை பக்கவாட்டில் சரிந்து கட்டியது. தண்ணீர் வடிய ஓரத்தில் ஓரடி ஆழத்தில் கால்வாய். அப்பாஸ் இரண்டு வாளி சோப்புத் தண்ணீரைக் கொட்டி, துடைப்பத்தால் பரப்பிவிட்டார்.

"முதல்ல என் வண்டியை எடுங்க அண்ணே. பின் சக்கரத்துல மட்டும் ஓட்டுங்க. மேடைக்குக் குறுக்கே இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போகணும்."

லூர்தம்மாளின் ஜீப் பழசு. எந்த அச்சிலும் லாக் கிடையாது. சின்னக்காளை அதை மேடையில் ஏற்றினான். பாதி தூரத்தில் மேல்பக்கத்துச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. கீழ்ப்பக்கத்துச் சக்கரம் அசையவில்லை. வண்டி நின்றுவிட்டது. மிதித்தான். நுரைதான் பறந்தது.

"இதேதான் மேஸ்திரி," என்றான் இறங்கி வந்து. அவன் குரல் சற்று உயர்ந்திருந்தது. "அன்னைக்கும் இதேதான் நடந்தது. ஒண்ணு சுத்துது, ஒண்ணு வேடிக்கை பாக்குது."

"இப்ப உங்க வண்டியை எடுங்க."

அவன் தன் ஜீப்பை மேடையில் ஏற்றினான். பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றின. வண்டி நிற்கவில்லை. ஐந்து அடி போனது. அதற்குள் அதன் வால் கீழே இறங்க ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினான், கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தான், கேட்கவில்லை. பின் சக்கரம் கால்வாயில் விழுந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்பாஸ் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "கழுவக் கொண்டு வந்தீங்களா, குளிப்பாட்டக் கொண்டு வந்தீங்களா?" என்றார்.

சின்னக்காளை சாய்ந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

லூர்தம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தக் கால்வாய் ஓரடி. உங்க ஊர்ச் சரிவுக்குக் கீழே எத்தனை அடி?"

அவன் அதையும் எண்ணி வைத்திருந்தான். கயிறு விட்டு அளந்தது.

"நூத்தி எண்பது."

"பேச்சியை டோலியில தூக்கிட்டு அந்தச் சரிவுலதானே போனீங்க?"

"வேற வழி?"

"மழையில எப்படிப் போனீங்க?"

"மெதுவாத்தான்."

"மெதுவான்னா?"

"ஒரு ஆள் எட்டு வைப்பான். மத்தவன் கால் ஊணி நிப்பான். அப்புறம் அவன் வைப்பான், இவன் நிப்பான். எல்லாரும் ஒண்ணாக் காலைத் தூக்கினா..."

அவன் நிறுத்திக்கொண்டான். மேடையின் நடுவில் லூர்தம்மாளின் பழைய ஜீப் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் கீழ்ப்பக்கத்துச் சக்கரம் கால் ஊன்றியது போல அசையாமல் இருந்தது.

நான்கு பேர் சேர்ந்து அவன் வண்டியைக் கால்வாயிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவன் பத்து மணி வரை வண்டியில் ஒட்டிய நுரையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்ததும் கேட்டான்:

"அப்ப லாக்கே வேண்டாம்கிறீங்களா? படிப்பாறையில மறுபடியும் நிக்கவா?"

"படிப்பாறை எத்தனை அடி?"

"ஒன்பது. நேர் ஏத்தம்."

"சரிவு?"

"அறுபது."

"அப்ப ஏழு மைலுக்கு எத்தனை அடி லாக் வேணும்?"

"ஒன்பது."

லூர்தம்மாள் தலையசைத்தார்.

"தானாப் பிடிக்கிறதைப் போட்டா?" என்று கேட்டான். "சக்கரம் வழுக்கினதும் அதுவாப் பிடிச்சுக்குமாம்."

"சரிவுலயும் சக்கரம் வழுக்கும்."

"வழுக்கும்."

"பாறை எது, சரிவு எதுன்னு அதுக்கு யார் சொல்றது?"

அவன் யோசித்தான். "எனக்குத்தான் தெரியும்," என்றான்.

"முன் அச்சு?"

"முன் அச்சுக்கு நாற்பத்தொரு வளைவு இருக்கு. பூட்டினா வண்டி திரும்பாது," என்று அவனே சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஜாக்கியை எடுக்கப் போனான்.

வெல்டிங் வைத்த பல்சக்கரங்கள் எதற்கும் உதவாமல் போயிருந்தன. அவற்றை வெட்டி எடுக்க ஒன்றரை நாள் ஆனது. கையால் இழுக்கும் லாக் மதுரையிலிருந்து வர நான்கு நாள். கோப்பதற்கு இரண்டு நாள். கோத்தவன் சின்னக்காளை. லூர்தம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். பல்லுக்குப் பல் இடைவெளி சரியில்லை என்று மூன்று முறை பிரிக்கச் சொன்னார். நான்காவது முறை மூடியைப் போடச் சொன்னார்.

கைப்பிடி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. இழுத்தால் பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திறந்துவிடும். கைப்பிடி ஓடும் தகட்டில் ஒரு சிறிய பள்ளம் இருந்தது. இழுத்த கைப்பிடியை அதில் மாட்டிவிட்டால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சின்னக்காளை இழுத்து மாட்டிப் பார்த்தான். டக் என்று உட்கார்ந்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

மழைக்கு மூன்று நாள் இருந்தது. மலை மேல் மேகம் கட்டியிருந்தது. கிளம்பலாம் என்று சாவியை எடுத்தவன் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னான்.

"ஒண்ணுதான் பயமா இருக்கு மேஸ்திரி. பின்னாடி ஒருத்தி வலியில கத்திட்டு இருப்பா. அவ அம்மா என் தோளைப் பிடிச்சு உலுக்கிட்டு இருப்பா. பாறை ஏறின சந்தோஷத்துல கைப்பிடியை எடுத்துவிட மறந்துட்டேன்னா, முப்பதாவது எட்டுல சரிவு."

லூர்தம்மாள் எழுந்தார். அரத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார். தகட்டில் இருந்த பள்ளத்தை அராவத் தொடங்கினார்.

"மேஸ்திரி, அது கைப்பிடி நிக்கிறதுக்குன்னு வச்சிருக்கிற பள்ளம்."

லூர்தம்மாள் அராவிக்கொண்டே இருந்தார். இரும்புத்தூள் சீட்டின் மேல் விழுந்தது. தகடு வழவழப்பானதும் கைப்பிடியை இழுத்து விட்டுப் பார்த்தார். அது எங்கும் தங்காமல் திரும்பிப் போனது.

"அப்ப பாறை ஏறி முடிக்கிற வரைக்கும் ஒரு கையால இதைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

"ஒன்பது அடி. நேர் ஏத்தம். நீங்கதான் அளந்தீங்க."

"பிடிச்சுக்கிறேன். பிடிச்ச கை பயத்துல அப்படியே இருந்துட்டா?"

லூர்தம்மாள் சீட்டிலிருந்த தூளை ஊதிவிட்டார்.

"பாறை ஏறினதும் என்ன செய்வீங்க அண்ணே?"

"கருப்பன்கிட்ட நிறுத்துவோம்."

"எவ்வளவு அவசரம்னாலுமா?"

"எவ்வளவு அவசரம்னாலும். எங்க பாட்டன் காலத்துல மாட்டு வண்டியே நின்னுதான் போகும். இறங்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தபடி ஒரு கும்பிடு."

"போன மழையிலயும் கும்பிட்டீங்களா?"

"போன மழையில வண்டி அதுவரைக்கும் வரலை."

மேடையில் அப்பாஸ் யாருடைய வண்டியையோ கழுவிக்கொண்டிருந்தார்.

லூர்தம்மாள் அரத்தைத் துணியில் சுற்றினார்.

"இந்த மழையில வரும்," என்றார். "கும்பிடுறதுக்கு ரெண்டு கையும் வேணும்ல அண்ணே."