அறுநூறு லிட்டர்

தூத்துக்குடியில் தர்மப்பெருமாள் முதலாளியின் பங்களாக் கூடத்தில் ஆறடி நீள மீன்தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் நீட்டிப் படுத்த வாக்கில் ஒரு ஃபைபர் பாறை. பாறைப் பொந்துக்குள் போன மீனெல்லாம் மறுநாள் வயிற்றைக் காட்டி மிதந்தது. லிட்டருக்கு ஒரு சொட்டு மருந்து விடவேண்டும் என்றார் கடைக்காரர்.

விருந்தாளிகள் முன்னால் முதலாளிக்குக் கிண்டல் பிறந்தது. தண்ணீர் கேன் போடும் சூசையைக் கூப்பிட்டார்.

"ஏலே, இதுல எத்தனை லிட்டர் தண்ணி? இறைக்கக்கூடாது, பாறையைத் தொடக்கூடாது. தப்பாச் சொன்னா இந்தத் தெருவுல இனி நீ கேன் போட முடியாது."

"அறுநூறு, முதலாளி."

"மடப்பயலே! நீளம் ஆறடி, அகலம் ரெண்டு, உசரம் ரெண்டு. கன அடிக்கு இருபத்தெட்டுன்னா அறுநூத்தி எழுபத்திரண்டு!"

கூடமே சிரித்தது.

"உங்க கணக்கு சரிதான். ஆனா உங்க அண்ணாச்சி சிங்கப்பூர் போனதாச் சொன்னீங்களே, அதுக்கு மறுநாள் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினது நான்தான். இருபது லிட்டர் கேன் முப்பதுதான் பிடிச்சுது. பாறை வெறும் கூடு, அதுக்குப் பன்னிரண்டு லிட்டர் போகட்டும். மிச்சம் அறுபது லிட்டர் இடத்தை என்ன அடைச்சிருக்கு?"

சிரிப்பு நின்றது. தொட்டியில் மிஞ்சிய மூன்று மீன்களும் பாறையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"அறுபது கிலோ ஆளு தண்ணியில முங்கினா அறுபது லிட்டர் இடம் பிடிக்கும். அண்ணாச்சி என்ன எடை இருப்பாவ?"

சூசை மருந்துப் புட்டியைத் திறந்தான்.

"தண்ணிக்கு மட்டும் விடவா முதலாளி, அவுகளுக்கும் சேர்த்து விடவா?"