கடையிலேயே வேலை செய்த மருந்து

சொரிமுத்து அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அவருடைய அப்பா அம்பத்திரண்டாவது வயசில், அதே கடையில், ஒரு குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை. இப்போது அண்ணாச்சிக்கு அம்பத்தொன்று நடக்கிறது. எப்பாடு பட்டாவது அப்பாவின் வயசைத் தாண்டியே தீருவது என்று ஒரே வைராக்கியம்.

வைராக்கியம் நல்லதுதான். ஆனால் அது கையில் காசுள்ளவனுக்கு வந்துவிட்டால் விற்கிறவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கொஞ்ச நாளிலேயே அண்ணாச்சி வீட்டில் கால் வைக்க இடமில்லை. செம்புப் பாட்டில், காந்தப் படுக்கை, எலும்பு மாவு, மூட்டுத் தைலம், தேனில் ஊறின என்னென்னவோ. யார் எதை நல்லது என்று சொன்னாலும் மறுநாள் அது வீட்டுக்கு வந்துவிடும்.

சிலம்பத்துக்கும் அப்படித்தான் வந்தார். ஆற்றங்கரையில் முப்பிடாதி ஆசானின் களம் இருக்கிறது. ஆசான் பெண். அண்ணாச்சிக்குத் தங்கச்சி வயசு. களத்துக்குள் வயசெல்லாம் செல்லாது; மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு "ஆசானே" என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணாச்சியும் கூச்சப்படாமல் கூப்பிட்டார். இருக்கிறதிலேயே விலை கூடின கம்பாகப் பார்த்து வாங்கினார். அதைச் சுற்றுவதற்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார்.

ஒரு நாள் காலையில் பிள்ளைகள் ஆடிவிட்டுப் போனபிறகு, கம்பைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு. காலை அதுமேல வெச்சாப் போதுமாம். நடந்தா எப்படி ரத்தம் ஓடுமோ அப்படி ஓடுமாம். காசு மடியிலேயே இருக்கு. இப்படியே போயி வாங்கிரலாம்னு பாக்கேன். நல்லதா, கெட்டதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உக்காந்துக்கிட்டே காலை வெக்கணுமா?"

"உக்காந்துக்கிட்டேதான்."

ஆசான் சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் வாங்கினதையெல்லாம் கொண்டாங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஆசான் வாக்கு என்றால் வாக்கு. அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார். சற்று நேரத்தில் களத்து ஓரமாக ஓர் ஆட்டோ வந்து நின்றது. முன்னால் அண்ணாச்சி, பின்னால் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் அவர் சம்சாரம் உலகம்மாள். அண்ணாச்சி படுக்கையை இறக்கிக்கொண்டிருந்தார். உலகம்மாள் ஒரு காலை வெளியே நீட்டி, தரை எங்கே இருக்கிறது என்று துழாவி, அப்புறம்தான் இறங்கினாள். கம்பு சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பார்வை முதலில் காலில்தான் விழும். ஆசான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் மண்ணில் பரப்பப்பட்டன. சின்னதாக ஒரு கடையே போடலாம்.

"இந்த மாவு எதுக்கு அண்ணாச்சி?"

"எலும்புக்கு."

"எலும்புல என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல. இனிமே வந்துரக் கூடாதுல்லா?"

"குடிக்கீயளா?"

"வாங்கின அன்னைக்கு உடம்பே காத்தா இருந்துச்சு ஆசானே. டப்பாவை இன்னும் ஒடைக்கலை."

"இந்தப் படுக்கை?"

"அது காந்தம். தூக்கத்துக்கு. வாங்கின அன்னைக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

"மறுநாளு?"

அண்ணாச்சி பிடரியைச் சொறிந்தார். "மறுநாளு பழைய குருடி கதவைத் திறடிதான்."

"அப்போ மருந்து கடையிலேயே வேலை செஞ்சுட்டுது," என்றார் ஆசான். "வீட்டுக்கு வந்தது வெறும் டப்பா."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றும் போனது.

"இதுல எதையாவது டாக்டர் சொல்லி வாங்கினீயளா?"

"டாக்டர்கிட்ட நான் போகலை."

"ஏன்?"

அண்ணாச்சி ஆற்றைப் பார்த்தார். கடையில் எவ்வளவு பெரிய அண்டாவையும் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுகிற மனுஷன், துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"போனா அவரு எதையாவது சொல்லிருவாரு. எனக்குப் பயமா இருக்கு ஆசானே. எங்க அப்பா முகம் கண்ணுக்குள்ளேயே நிக்கு. நான் பொட்டுன்னு போயிட்டா இவ ஒத்தையில கெடந்து தவிப்பா. பிள்ளை குட்டியும் இல்லை. இவ்வளவும் இவளுக்காகத்தான்."

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆசான் பரப்பிக் கிடந்த டப்பாக்களை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க கடையில குடம் வாங்க வாரவுக என்ன செய்வாவ?"

"தட்டிப் பாப்பாவ. தண்ணி ஊத்திப் பாப்பாவ. ஒழுகலைன்னாத்தான் மடியை அவுப்பாவ."

"நீங்க தட்டிப் பாத்தீயளா?"

"எதை? மெஷினையா?"

"மெஷினைக் கேக்கலை," என்று சொல்லிவிட்டு ஆசான் எழுந்து கொட்டகைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் புதுச் செம்பு ஒன்று இருந்தது. ஆடி மாசப் போட்டியில் ஜெயிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதற்காக வாங்கி வைத்தது. அதை உலகம்மாளிடம் நீட்டினார்.

"அக்கா, இதுல களத்துப் பேரை வெட்டித் தரணும். உங்க எழுத்தாத்தான் இருக்கணும்."

அந்த ஊரில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அண்ணாச்சி கடையில் சிற்றுளியும் சுத்தியுமாக உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டினவள் உலகம்மாள்தான். முத்து கோர்த்த மாதிரி இருக்கும். ஊரில் பாதி அடுப்படியில் அவள் எழுத்து இருக்கிறது. ஒரு வருஷமாக அந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்கள்.

உலகம்மாள் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அவ வெட்டுறதை விட்டுட்டா ஆசானே. மணிக்கட்டுல வலி. நான்தான் காந்தப் பட்டை வாங்கிக் குடுத்திருக்கேன். அவளுக்கும் செய்யாம இல்ல. பாருங்க, கையில கட்டியிருக்கா."

ஆசான் பட்டையைப் பார்க்கவில்லை. உலகம்மாள் முகத்தைத்தான் பார்த்தார்.

"அக்கா, கை வலிக்கா?"

"இல்லம்மா."

"இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

"கையில ஒண்ணுமில்ல. கண்ணுதான். புள்ளி தெரிய மாட்டேங்கு. ஒரு கல்யாணச் சீருக்கு அண்டாவுல பொண்ணு பேரைத் தப்பா வெட்டிட்டேன். சபையில வெச்சுப் பாத்துட்டு பொண்ணோட அம்மா அழுதுட்டா. அன்னைக்கு இவுககிட்ட, இனிமே என்னால வெட்ட முடியாதுன்னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். சாயங்காலமே பட்டையோட வந்து நின்னாவ."

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தீய. நீங்களே கையைப் பிடிச்சுக் கட்டியும் விட்டீய. நான் என்னன்னு சொல்ல?"

"டாக்டர் பாத்தாவளா அக்கா?" என்று கேட்டார் ஆசான்.

"கோயில் மண்டபத்துல கண் முகாம் போட்டப்ப அடுத்த வீட்டுக்காரியோட போனேன். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு, போன பார்வை போனதுதான், இருக்கிறதையாவது காப்பாத்தணும், உடனே திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாவ. செலவும் இருக்கும்னாவ. இவுக மெஷினுக்குன்னு காசு சேத்துக்கிட்டு இருந்தாவ. அது முடியட்டும்னு இருந்துட்டேன்."

அண்ணாச்சி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காலையில் காப்பி கொண்டுவரும்போது சுவரைத் தடவிக்கொண்டு வருவாள், பார்த்திருக்கிறார். மாவைக் கரைக்கச் சொன்ன அன்று டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள்; அதையும் பார்த்திருக்கிறார். பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சு அடைத்தது. இந்த அடைப்பு அவர் பயந்துகொண்டிருந்த அடைப்பு இல்லை.

"நான் போயிட்டா ஒத்தையில தவிப்பாளேன்னுதான் ஆசானே..."

"இப்பவே ஒத்தையிலதானே இருந்திருக்காவ."

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி விருட்டென்று எழுந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். படுக்கையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

"அம்புட்டையும் ஆத்துல வீசிருதேன்."

"ஆறு என்ன பாவம் செஞ்சுது? உள்ளதை உள்ளபடி வெச்சுட்டுப் போங்க. கடைக்காரன் திரும்ப எடுத்துக்கிடுறதை எடுத்துக்கிடட்டும்."

"சரி. விடிஞ்சதும் முதல் பஸ்ஸுக்கு இவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன். இது சத்தியம்."

"மெஷினை என்னைக்கு வாங்குறதா இருந்தீய?"

அண்ணாச்சி மடியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டியைத் திருப்புங்க. வீட்டுக்கு இல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு."

"இந்தச் சேலையோடயா?" என்றாள் உலகம்மாள்.

"சேலைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. ஏறு." சொல்லிவிட்டு, அவளை ஏறச் சொன்னதோடு நிற்காமல், அவள் காலுக்குப் படி எங்கே இருக்கிறது என்று குனிந்து கையால் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். பட்டையை அவரே அவிழ்த்தார். அது கட்டியிருந்த இடத்தில் தோல் கன்றிப் போயிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டார்.

வண்டி கிளம்பப்போகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டினார். கேட்கலாமா வேண்டாமா என்று உதடு தயங்கியது. ஆனாலும் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

"ஆசானே, அப்போ எனக்கு? நான் அந்த வயசைத் தாண்டுறதுக்கு என்னதான் வாங்கணும்?"

ஆசான் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க கண்ணைத் தொடுறதுக்கு முன்னால ரத்தம் எடுப்பாவ, பிரஷர் பாப்பாவ. அக்கா கையை நீட்டுதப்ப, பக்கத்துல நீங்களும் நீட்டுங்க."