கேட்காமல் போட்ட சொல்

ஒரு விடுகதை. விடை தெரிந்தவர்கள் மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வந்து நிற்கும். அழத் தெரியும்; யாருக்காக அழுகிறோம் என்று தெரியாது. வீட்டார் காதில் ஓதினால் அந்த வீட்டு அழுகையை அழும். ஓதாவிட்டால், கற்ற பாட்டையே பாடிவிட்டுப் போகும். அது என்ன?

கூலிக்கு மாரடிக்கும் ஆள் என்பீர்கள். அதுவும் சரியான விடைதான். இந்தக் கதையில் அது ஒரு பிளகின்.

பிளகின் என்பது, இணையப் பக்கத்தில் நாம் எழுதுகிற எடிட்டருக்குள் செருகிவைக்கும் சிறு நிரல். தானாக அதற்கு எதுவும் தெரியாது. பக்கம் அதைத் திறக்கும்போதே, வேண்டிய விவரங்களைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

கரிசல்காட்டு ஊர் ஒன்றில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், மரண அறிவிப்புகளுக்காக அப்படி ஒரு பிளகினை எழுதியவர் அருஞ்சுனை. வயது ஐம்பதைத் தாண்டியவர். நெடுநாள் அறிவிப்பு வாங்கும் கவுன்டரில் இருந்தவர். அவருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள் ஜெபராணி. அவருடைய மகள் வயதுதான். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

காலையிலேயே பிளகின் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மதியம்தான் ஜெபராணி உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"பேரு கேக்குது, வயசு கேக்குது, தேதி கேக்குது. எப்படி இறந்தாங்கன்னு கேக்கலையே, அண்ணாச்சி?"

"வேணாம்னு விட்டுட்டேன், டீச்சர். 'இயற்கை எய்தினார்'னு உள்ளேயே வச்சுட்டேன்."

"ஏன்?"

"சிவலோகப் பதவின்னு போட்டா ஒரு வீட்ல சண்டை. கர்த்தருக்குள் நித்திரைன்னு போட்டா இன்னொரு வீட்ல சண்டை. இது எல்லாருக்கும் பொது. அதோட, அந்தக் கேள்வியைக் கேட்டாலே அழுதிருவாங்க. கவுன்டர்ல உக்காந்து எத்தனை பேரை அழ வச்சிருக்கேன். செத்த வீட்டை எதுக்குக் கேட்டு வதைக்கணும்?"

அதற்குள் வாசலில் ஆள் வந்திருந்தது.

வந்தவர் முனியாண்டி. பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். கூட வந்தது அவருடைய அக்காள் மகள் காளீஸ்வரி; ஆறாம் வகுப்புப் படிக்கிறவள். அக்காள் பேச்சியம்மாளுக்கும் அதே ஆலைதான். திங்கட்கிழமை அவள் இருந்த அறை வெடித்தது. சுற்றிய துணியைப் பிரிக்காமலேயே அடக்கம் செய்தார்கள்.

முனியாண்டி காலையில் தன் போனிலிருந்தே பெயரையும் வயதையும் இறந்த தேதியையும் அனுப்பியிருந்தார். அறிவிப்பு உடனே தயாராகித் திரும்பி வந்தது. அதில் 'இயற்கை எய்தினார்' என்றிருந்ததைச் சிறுமி படித்துவிட்டாள்.

"இதை நீங்களா எழுதினீங்க?" என்று அருஞ்சுனையைக் கேட்டாள்.

"பிளகின் போட்டது, தாயி."

"அதுக்கு யாரு சொன்னா?"

அருஞ்சுனை அந்த அறிவிப்பைத் திரையில் திறந்தார்.

"பெரியவங்ககிட்ட என்ன வாய்?" என்றார் முனியாண்டி. "கம்ப்யூட்டரே இயற்கைன்னு போட்டிருச்சு. அதைவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ? நீங்க அப்படியே விடுங்க, அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கு."

"இயற்கைன்னா மழை, காத்து, மரம்னு எங்க பாடத்துல இருக்கு, மாமா."

"பாடம் சோறு போடாது, கழுதை."

அருஞ்சுனை பக்கம் திரும்பி முனியாண்டி குரலைத் தாழ்த்தினார். "ஆலை ஃபோர்மேன் நாளைக்குப் பேப்பரைக் கொண்டாரச் சொல்லியிருக்கான். வெடின்னு ஒரு சொல் இருந்துச்சுன்னா எனக்கு உள்ளே வேலை இல்ல. இயற்கைன்னு இருந்தா அதை வாங்கிப் பத்திரமா வச்சுக்குவானாம். கேஸ் கீஸுன்னு யாரும் வந்தா காட்டணுமாம். நான் என்ன செய்ய? இவளும் இனிமே எங்க வீட்லதான் சாப்பிடணும்."

எல்லாருக்கும் பொது என்று தான் வைத்த சொல் இப்போது யார் கைக்குப் போகிறது என்று அருஞ்சுனைக்கு விளங்கியது. அவர் ஜெபராணியைப் பார்த்தார்.

"டீச்சர், சொல்லை மாத்தி வச்சிடவா? 'காலமானார்'னு வச்சா யாருக்கும் வம்பில்ல."

ஜெபராணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பிளகினைத் திறந்து, உள்ளே இருந்த அந்தச் சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் வேறு சொல் வைக்கவில்லை. வீட்டார் தேர்ந்தெடுக்கப் பக்கத்தில் நான்கு சொற்களைப் பட்டியலாக வைத்து, அவர்கள் எடுப்பதைப் பக்கம் பிளகினிடம் கொடுக்கும்படி எழுதினாள். பேச்சியம்மாளின் அறிவிப்பை மறுபடி திறந்தாள்.

பெயர் வந்தது. வயது வந்தது. தேதி வந்தது. அதன் பிறகு ஓர் இடைவெளி இருந்தது. பக்கத்தில், தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் விரிந்தது: இயற்கை எய்தினார், காலமானார், விபத்தில் இறந்தார், வெடி விபத்தில் இறந்தார்.

"காலியா நிக்குதே, டீச்சர்."

"யாரும் இன்னும் எதுவும் கொடுக்கலையே."

"இப்படியே அச்சுக்குப் போனா அசிங்கமா இருக்குமே."

"இருக்கட்டும்."

"அப்ப நான் என்னதான் வைக்கிறது?"

"அந்தப் பிள்ளையைக் கேளுங்க, அண்ணாச்சி."

அருஞ்சுனை கவுன்டரில் இருந்த காலத்தில் அந்தக் கேள்வியைப் பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இப்போது கையில் பேனா இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து சிறுமியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"அம்மா எப்படி இறந்தாங்க, தாயி? என்ன போடட்டும்?"

காளீஸ்வரி அழவில்லை. முனியாண்டிதான் அழுதார். முகத்தைத் துடைத்த கையில், எவ்வளவு கழுவியும் போகாத அலுமினியப் பொடி மினுங்கியது.

சிறுமி பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

பெயரும் வயதும் தேதியும் இருக்கட்டும், அந்த இடத்தில் எதுவும் போட வேண்டாம் என்று சொன்னாள்.