பதில் வராவிட்டால்

எயினன் செருப்போடு முற்றத்தில் பாதி தூரம் வந்துவிட்டார். அதன் பிறகே நினைவு வந்து, திரும்பிப் போய்க் கழற்றினார். கழற்றும்போதும் கண் தெருவில் இருந்தது.

தெருவில் வெண்ணி தன் கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மலைக்கு அப்பாலிருந்து மூன்று நாள் நடந்து, காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். உச்சிப்பொழுதில் கிளம்பினால்தான் நாலாம் நாள் வரும் அமாவாசைக்குள் ஊர் திரும்ப முடியும்.

அது மௌன இல்லம். எல்லையோரத்து அந்நிய நகரத்தில், ஆட்டுச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. பேசாமல் இருக்க விரும்புகிறவர்கள் அங்கே ஏழு நாள் வந்து தங்கினார்கள். அதை நடத்தியவரை எல்லோரும் அம்மை என்றே அழைத்தார்கள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எயினனுக்கு அறுபத்து மூன்று.

எயினன் மலைநாட்டை விடுவிக்கப் போராடும் இயக்கத்தின் தலைவர். பதினோரு வருடமாக இந்த நகரத்தில் சாத்தன் என்ற பெயரில், தேயிலை வியாபாரியாக வாழ்ந்துவந்தார். ஒரே கட்டிலில் அடுத்தடுத்து இரண்டு இரவு படுக்கமாட்டார். அம்மை பேசுவதைக் கேட்கப் புதன்கிழமைகளில் மட்டும் இங்கே வருவார். மூன்று வருடமாக வருகிறார். வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து, சுவரில் முதுகு வைத்து உட்காருவார். ஒருமுறைகூடக் கேள்வி கேட்டதில்லை.

அன்று திங்கட்கிழமை.

அம்மை கூடத்தில் தலையணை உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பஞ்சு கிடந்தது.

"உட்காரலாமா?"

அம்மை பதில் சொல்லவில்லை. எயினன் உட்கார்ந்தார்.

"யார் உட்காரச் சொன்னது?"

"வேண்டாமென்று நீங்கள் சொல்லவில்லையே."

"பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டிருந்தேன்."

எயினன் எழுந்திருக்கப் போனார். அம்மை கையமர்த்தினார்.

"மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படிப் பழகிவிட்டது. பதில் வராவிட்டால் சம்மதம்."

"தேயிலைக் கடையிலா?"

எயினன் வாசலைப் பார்த்தார்.

"மூன்று வருடமாக இங்கே தேநீர் குடிக்கிறீர்கள். ஒரு நாளும் முகர்ந்து பார்த்ததில்லை. அது சந்தையிலேயே மட்டமான தூள். வியாபாரி என்றால் முகத்தையாவது சுளித்திருப்பார்."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"எதை, தூள் மட்டம் என்றா?"

எயினன் சிரிக்கவில்லை. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு வேகமாகப் பேசினார்.

"எனக்கு மௌனம் வேண்டும். இன்றே. ஐந்து நாள்."

"இங்கே ஏழு நாள்தான் வழக்கம்."

"ஏழும் சரி."

"ஐந்து எதற்குக் கேட்டீர்கள்?"

"சும்மா ஒரு கணக்கு."

"ஐந்தாம் நாள் என்ன?"

எயினன் பஞ்சில் ஒரு துளியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார்.

"அதற்கு முந்தின நாள் அமாவாசை" என்றார். "அமாவாசை போய்விட்டால் போதும்."

அம்மை ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். எயினன் சொன்னார்.

"ராணுவம் எங்களை முற்றுகையிட்ட வருடத்தில் ஆற்றைக் கடந்த எங்கள் தூதர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். ஒரே ஒரு பதிலைக் கொண்டுபோக ஆறு பேர் செத்தார்கள். அதனால் நானே ஒரு விதி செய்தேன். களத்திலிருந்து கடிதம் வரும். அமாவாசைக்குள் என் பதில் போய்ச் சேராவிட்டால், கடிதத்தில் கேட்டது நடக்கும்."

"நல்ல விதி."

"நிறைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது."

"இந்த முறை கடிதத்தில் என்ன?"

"கொற்றன் என்று ஒருவன். தெற்குச் சரிவின் தளபதி. விஷக் காய்ச்சல் பரவியபோது அரசாங்க மருத்துவரின் ஜீப்பை ஊருக்குள் விட்டிருக்கிறான். யாரையும் கேட்கவில்லை. எதிரியோடு பேசினான் என்று குற்றச்சாட்டு. மரண தண்டனை கொடுக்கலாமா என்று பிட்டன் எழுதியிருக்கிறான்."

"பிட்டன் யார்?"

"நான் இங்கே வந்த பிறகு அங்கே எல்லாம் அவன்தான்."

"காய்ச்சல் நின்றதா?"

"நின்றது."

"கொற்றனை நன்றாகத் தெரியுமா?"

"நாலு மழைக்காலம் ஒரே கூடாரம். என் குறட்டையைக் கேட்டுத்தான் ராணுவம் வந்து சேரப்போகிறது என்பான். நான் தூங்கினதும் என் மூக்கைப் பிடிப்பான்."

அம்மை காத்திருந்தார். எயினன் மூன்று வருடத்தில் முதல் முறையாக அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நான் அவனைக் கொல்லச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஏழு நாள் இங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். வாய் திறக்காதவனுக்கு வினை உண்டா?"

"வாசலில் நிற்கிற பெண் உங்களோடு வந்தவளா?"

"ஆமாம். அவளுக்குக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது."

"வெயிலில் நிற்கிறாள். உள்ளே கூப்பிடுங்கள்."

வெண்ணி வந்தாள். கழுதையை முற்றத்துத் தூணில் கட்டினாள். அம்மை கொடுத்த செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தாள். எல்லையில் கேட்டால் அண்ணன் என்று சொல்லும்படி அவளுக்கு உத்தரவு இருந்தது. இங்கும் அப்படியே அழைத்தாள்.

"பொழுது ஏறுதுண்ணே."

"ஊரில் எல்லோரும் நலமா?" என்று கேட்டார் அம்மை.

"இருக்காங்கம்மா. கொற்றண்ணனைத்தான் தானியக் கிடங்குல பூட்டி வச்சிருக்காங்க. சோறு நான்தான் கொண்டுபோறேன். உப்புப் பத்தலைன்னு என்கிட்டயே சண்டை போடுறாரு. பூட்டுக்குள்ள இருந்துக்கிட்டு என்ன வாய் பாருங்க."

எயினன் நிமிரவில்லை.

"நான் கிளம்புற அன்னைக்கு முடி வெட்டிக்கிட்டாரு. யாரைப் பாக்கப் போறீங்கன்னு கேட்டேன். தலைவர் எழுதுவாரு, நீ திரும்பி வந்ததும் என்னை வெளிய விட்டுருவாங்க, காட்டான் மாதிரி வெளிய வரக் கூடாதுல்லன்னாரு." அவள் எயினனைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமாமே? வேற எவனும் அப்படி எழுத முடியாதாம். பாத்ததும் தெரிஞ்சுருமாம்."

எயினன் பஞ்சை மடியில் அள்ளி வைத்துப் பிய்த்தார்.

"உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள்?" என்றார் அம்மை.

"பிட்டண்ணன் ரெண்டே வார்த்தைதான் சொன்னாரு. பதில் இருந்தா வாங்கிட்டு வா, இல்லன்னா உப்பு வாங்கிட்டு வா. கழுதை வெறுமனே வரக்கூடாது பாருங்க." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "என்னண்ணே, உப்பு வாங்கட்டுமா?"

எயினன் வாயைத் திறந்தார். மறுபடி மூடினார். அம்மையைப் பார்த்தார். அம்மை வெண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தையில் ஆடுகள் கத்தும் சத்தம் வந்தது. வெண்ணி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். அவளும் மலைநாட்டுக்காரிதானே, பதில் வராததால் தலையை ஆட்டினாள்.

"சரிண்ணே."

தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கழுதை நகர மறுத்தது. அவள் அதன் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அது நடந்தது. முற்றத்தைத் தாண்டியது. அதன் முன்னங்கால் வாசற்படியில் இறங்கியது.

"நில்லு!"

எயினன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மடியிலிருந்த பஞ்சு தரையில் சிதறிக் கிடந்தது. வெண்ணி திரும்பினாள்.

"வேண்டாமா?"

"கொஞ்சம் பொறு."

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே. உப்புக் கடையில கூட்டம் சேர்ந்துரும்." அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

அம்மை உள்ளே போனார். ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து எயினன் முன்னால் வைத்தார். எயினன் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்குப் புரியாது" என்றார், வாசலுக்குக் கேட்காத குரலில்.

"சரி."

"கொற்றன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை."

"தெரிகிறது."

"பதினோரு வருடத்தில் நாற்பது, ஐம்பது கடிதம் வந்திருக்கும். எதற்கும் நான் வேண்டாமென்று எழுதியதில்லை. பேசாமல் இருந்தேன். அவர்கள் கேட்டது நடந்தது. எல்லாம் தலைவர் சம்மதத்தோடு என்று ஊரில் சொன்னார்கள். அதனால்தான் இன்றும் அங்கே என் படத்துக்குக் கீழே சத்தியம் செய்கிறார்கள்." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "இதுவரை யாரும் என் சொல்லைச் சோதித்துப் பார்க்கவில்லை. நானும் சோதிக்கவில்லை."

அம்மை தாள் பறக்காமல் அதன் ஓரத்தில் செம்பை வைத்தார்.

"பிட்டன் என்னைவிடப் பெரியவனாகிவிட்டான் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது. எழுதினால் தெரிந்துவிடும்."

"ஆமாம்."

"எழுதுகிறேன் என்றே வையுங்கள். வெண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பிட்டன் படிக்கிறான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். அன்று மாலையே கிடங்கைத் திறந்து கொற்றனைக் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். என் எழுத்து கையில் இருக்கும்போதே சுடுகிறார்கள்."

"நடக்கலாம்."

"அப்போது அங்கே நான் தலைவன் இல்லை. இங்கே வியாபாரியும் இல்லை, அது உங்களுக்கே தெரிந்துவிட்டது." எயினன் அம்மையின் முகத்தையே பார்த்தார். "சொல்லுங்கள் அம்மா. அப்போது நான் யார்?"

வாசலில் வெண்ணி எழுந்து, சூரியனைப் பார்த்துவிட்டு, கழுதையின் கயிற்றைக் கையில் சுற்றினாள்.

"வேண்டாமென்று எழுதியவர்" என்றார் அம்மை.