தாலாட்டில் நுழைந்த பெயர்

ஜமீன் வாரிசைத் தாலாட்டித் தூங்க வைப்பதுதான் சடைச்சியின் வேலை. தன் கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு விடியுமுன் அரண்மனைக்கு வந்தால், இருட்டிய பிறகுதான் வீடு. வந்த புதிதில் அவள் வாயைத் திறந்ததுமே தொட்டில் அடங்கிவிடும். இப்போதோ எவ்வளவு பாடினாலும் பிள்ளை வீரிட்டது. மதியத் தூக்கம் கெட்டுப்போன ஜமீன்தார் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தார், சவுக்கைக் காட்டிப் பார்த்தார். அழுகைதான் கூடியது.

ஒருநாள் பாட்டில் வாரிசின் பெயர் வரவேண்டிய இடத்தில் "பேச்சி" என்று வந்துவிட்டது.

"எவடி அந்தப் பேச்சி?" என்று பாய்ந்தார் ஜமீன்தார்.

"என் மக, சாமி."

"எம் பிள்ளை பாட்டுல உன் மகளா? இனி அவள நெனைக்காம பாடணும். முடியலேன்னா ஊரவிட்டே ஓடிரு!"

"உத்தரவு சாமி. அதுக்கு அவள இங்க கொண்டாரணும். மடியில கிடக்கிறவள யாராச்சும் நெனைச்சுக்கிட்டா இருப்பாங்க?"

ஜமீன்தார் மறுபடி கத்த வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி பேச்சியை அழைத்துவர வண்டியை அனுப்பிவிட்டாள்.

பேச்சியைக் கொண்டுவந்து மடியில் போட்டதும் சடைச்சிக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. வாரிசு தூங்கியது, பேச்சி தூங்கியது, சாய்வு நாற்காலியில் ஜமீன்தாரும் குறட்டை விட்டார். சடைச்சி மட்டும் தூங்கவில்லை. விளக்கு வெளிச்சத்திலேயே பார்த்துப் பழகிவிட்ட மகள் முகத்தை, வெகுநாளைக்குப் பிறகு பகலில் பார்த்துக்கொண்டிருந்தாள்.