நேபாளத்திலிருந்து இறங்காதவர்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையில் சங்கரவடிவு அம்மாளின் மடம் இருந்தது. குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் பிரமநாயகத்துக்கு அறுபத்திரண்டு. அவர் அவளை ‘அம்மா’ என்பார், அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

பிரமநாயகம் நேபாளத்து முக்திநாத் யாத்திரை போய்த் திரும்பி இருபது நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் மடத்துக்கு வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

“என்ன அண்ணாச்சி, சாமியைப் பார்த்துட்டு வந்த முகமா இது?”

“சாமியைப் பார்த்தேன் அம்மா. வழியில பார்த்ததுதான் கண்ணை விட்டுப் போகமாட்டேங்கு.”

நடந்தது இதுதான். போகிற வழியில் மலை சரிந்து பஸ் நின்றுவிட்டது. நான்கு நாள் ஒரு மலைக்கிராமத்தில், தன்மாயா என்கிற பெண்ணின் வீட்டில் தங்கினார். தண்ணீர் வேண்டுமென்றால் அரைமணி நேரம் கீழே இறங்கி, குடத்தோடு ஒரு மணி நேரம் ஏற வேண்டும். கரண்ட் வந்தால் வந்தது. எந்த வேளையும் மக்காச்சோளக் களி, கீரை.

“வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். தண்ணி கொட்டுச்சு. அப்படியே நின்னு அழுதுட்டேன் அம்மா.”

அழுததோடு விட்டிருந்தால் தேவலை. மனிதர் மறுநாளே வீட்டாரைத் திருத்தக் கிளம்பிவிட்டார். மோட்டார் போட்டால் தன்மாயா பேச்சு. ஃபேன் போட்டால் தன்மாயா. இட்லிக்கு இரண்டு சட்னி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தன்மாயா. மனைவி உலகம்மாள் முதலில் பேச்சைக் குறைத்தாள், பிறகு நிறுத்தியே விட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய மகள் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். “அப்பா இன்னும் நேபாளத்திலேர்ந்து இறங்கலையாமே. நான் இங்கேயே பெத்துக்கிடுதேன்.”

அந்தச் சொல்தான் அவரை மடத்துக்கு விரட்டியிருந்தது.

“வயித்துப்பிள்ளைக்காரி அம்மா. என் வீட்டுக்கு வரமாட்டேங்கா. அப்படி நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்க?”

சங்கரவடிவு அவரைச் சாப்பிட உட்கார வைத்தாள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அன்றைக்கு மடத்தில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும். பிரமநாயகத்துக்குச் சொதி என்றால் உயிர். வீட்டில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நாளாகிவிட்டிருந்தது. பிசைந்து முதல் வாயை எடுத்தார்.

“தன்மாயா வீட்ல தேங்காய் கிடையாது” என்றாள் குரு.

“ஆமா அம்மா” என்று விழுங்கினார்.

இரண்டாவது வாய்.

“அரிசிச் சோறும் கிடையாது.”

தலையை ஆட்டினார். மூன்றாவது வாயை எடுத்தார்.

“இந்த இலையில தெளிச்ச தண்ணிக்கு அவ ஒரு மலை ஏறணும்.”

எடுத்த வாயை இலையிலேயே வைத்துவிட்டார்.

“அம்மா, தொண்டையில இறங்கமாட்டேங்கு.”

“மூணு வாய்க்கே இப்படியா? வீட்ல மதினி இருபது நாளா இப்படித்தான் சாப்பிடுதா.”

பிரமநாயகம் குனிந்த தலை நிமிரவில்லை. உலகம்மாள் இளைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் இருந்தது.

“அப்போ தன்மாயாவை மறந்துரச் சொல்லுதீங்களா?”

“யாரு மறக்கச் சொன்னா? அவ உங்களை எப்படி வச்சிருந்தா? அதைச் சொல்லுங்க.”

அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“முதல் நாளே எனக்காகக் கோழி அடிச்சுட்டா. நான் சைவம்னு எப்படிச் சொல்ல? கையெடுத்துக் கும்பிட்டேன். புரிஞ்சதும் விழுந்து விழுந்து சிரிச்சா. பக்கத்து வீட்டுக்கு ஓடி நாலு உருளைக்கிழங்கு வாங்கிட்டு வந்து வறுத்துத் தந்தா. பிறகு நாலு நாளும் நான் கையை வச்சு மறைக்க மறைக்கப் போட்டுக்கிட்டே இருந்தா. அவ பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. ஆனா சொந்த வீட்ல இருந்த மாதிரி இருந்துச்சு அம்மா.”

சங்கரவடிவு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள்.

“சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போய் மதினியை உட்கார வச்சு, தன்மாயா மாதிரி நீங்க பரிமாறுங்க. மகள் வந்து சேருற வரைக்கும் உங்களுக்கும் தமிழ் தெரியாதுன்னு வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி.”