மீசைக்காக மூண்ட போர்

மருதூரை ஆண்ட ராஜாவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்த மரியாதை அவருக்கு வேண்டாம். பக்கத்து நாட்டு ஏரி தளும்பி நிற்பதைப் பார்த்த நாள் முதல் அவருக்குப் போர் ஆசை. காரணம்தான் கிடைக்கவில்லை.

காரணத்தைச் சொல்லித்தான் போர் முரசு அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். யாருக்கு அநியாயம் நடந்ததோ, அவர்தான் படைக்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதும் வழக்கம்.

ராஜா முரசுக்காரன் உடையானை அழைத்தார். "பொழுது சாய்வதற்குள் ஒரு காரணம் சொல்லி முரசடி. இல்லையென்றால் உன் தலை இருக்காது."

"மாட்டைத் திருடினார்கள் என்று சொல்லலாமா, மகாராஜா?"

"தாராளமாகச் சொல்."

உடையான் ஊருக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"மாட்டுக்காரன் முன்னால் நடக்கணுமே. கேட்டுப் பார்த்தேன். மாடு தொழுவத்தில்தான் நிற்கிறது என்கிறான்."

"எல்லைக்கல்லை நகர்த்தினார்கள் என்று சொல்."

உடையான் மறுபடியும் போய் வந்தான்.

"நிலத்துக்காரரும் கல் நகரவில்லை என்கிறார்."

"இந்தப் பயந்தாங்கொள்ளிகளை விடு. பெரிய காரணமாகப் பார்."

உடையான் சந்தையில் நின்று முரசடித்தான். "பக்கத்து நாட்டு ராஜா நம் மகாராஜாவின் மீசையைப் பழித்துவிட்டார். படை இப்போதே புறப்படுகிறது."

ஊரே வேலும் கம்புமாக அரண்மனை வாசலில் கூடி, ராஜா முன்னால் நடக்க வழிவிட்டு நின்றது.

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "அப்படி என்னதான் சொன்னாராம்?"

"நரைத்துவிட்டது என்றாராம், மகாராஜா" என்றான் உடையான்.

"உண்மைதானே. இதற்கெல்லாமா சண்டை போடுவார்கள்?" என்று சொல்லிவிட்டு ராஜா உள்ளே போனார்.